விழித்திருக்கும் வைத்தியம்

பெங்களூர்த் தண்டின் வடகிழக்குப் பக்கத்தில், காக்ஸ் டவுனைக் கடந்து, இருப்புப்பாதைக்கு மேலாகச் செல்லும் பாலத்தில் ஏறி இறங்கியதும் தொடங்கிவிடுகிற லிங்கராஜபுரத்தில் ஒரு மாலைப்பொழுது சாவகாசமாக நடந்து செல்பவரின் காதில், கன்னடத்தோடும் உருதுவோடும் கலந்து, தமிழ் தாராளமாக விழும். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தங்கள் படைவீட்டை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றிக்கொண்டபோது, அந்தப் படைக்குப் பின்னே வட ஆர்க்காட்டுச் சீமையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்த சமையற்காரரும் கொத்தனாரும் வண்டிக்காரரும் வியாபாரிகளும் தண்டைச் சுற்றி ஊன்றிய குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் கிளைத்துப் பரவிய பேட்டைகளில் இதுவும் ஒன்று. கண்ணில் விழுவது வேறு. இருபதுக்கு முப்பது அடி மனையில் மூன்று மாடிகளை எழுப்பி, மாடிப்படியைத் தெருப்பக்கமாக வெளியே விட்டு, அதற்குக் கைப்பிடி வைப்பதை மட்டும் கையில் பணம் சேரட்டும் என்று ஒத்திப்போட்டு, உச்சியில் தண்ணீர்த் தொட்டியும் கொடிக்கயிறும் காற்றாடி விடும் சிறுவர்களுமாக நிற்கிற வீடுகள் வரிசை வரிசையாகத் தெரியும்.

குழந்தைகளின் தலைக்காயத்தைப் பற்றி எழுதப் புகுந்தவன் வீடு கட்டும் விஷயத்தை ஏன் இழுக்கிறான் என்று வாசகர் கேட்கக்கூடும். தலைக்காயம் என்றதும் நம் மனம் சாலை விபத்தைத்தான் நினைக்கிறது. பெரியவர்கள் விஷயத்தில் அது நியாயமே. ஆனால் குழந்தைகளை, அதிலும் பள்ளி செல்லும் வயதுக்கு முற்பட்ட குழந்தைகளை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் விழுதல்தான்: கைக்குழந்தை கட்டிலிலிருந்தும் தூளியிலிருந்தும், நடை பழகும் குழந்தை படியிலிருந்தும், எட்டுப் பத்து வயதுப் பிள்ளை கைப்பிடிச் சுவரில்லாத மொட்டை மாடியிலிருந்தும் விழுகின்றன. ஹென்னூர் சாலையில் அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு, தலையில் கவசமின்றி, காற்றை வாங்கிச் சிரித்துக்கொண்டு போகிற குழந்தையின் கதை இதற்கு அடுத்தபடியாக வருவது.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று நம்மவர் சொன்னது வளர்ந்த மனிதனுக்கு ஏறக்குறைய அளவுகோல் வைத்துச் சொன்ன உண்மை. அவன் உயரத்தில் எட்டில் ஒரு பங்குதான் தலை. பிறந்த குழந்தைக்கோ நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தலையாகவே இருக்கிறது. அதைத் தாங்கும் கழுத்துத் தசைகளும் உறுதிப்படவில்லை. ஆகவே குழந்தை எங்கிருந்து விழுந்தாலும் தலை முந்திக்கொள்கிறது. கபால எலும்பு மெல்லியதாகவும் வளையக்கூடியதாகவும் இருப்பதால், சில சமயம் உடையாமலே குழிந்துவிடுகிறது. சில சமயம் வெளியே ஒரு கீறலும் இல்லாதிருக்க உள்ளே சேதம் நடந்துவிடுகிறது. பெரியவர்களின் காயத்தைச் சிறிய அளவில் பார்த்தால் குழந்தையின் காயம் விளங்கிவிடும் என்று எண்ணுவது சரியல்ல. அது வேறு சாஸ்திரம்.

அந்தச் சாஸ்திரத்தின் சாரம் என்னவென்று நமக்குத் தோன்றுவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: குழந்தையின் தலைக்காயத்துக்கு ஆஸ்பத்திரி செய்கிற வைத்தியத்தில் கத்திக்கும் யந்திரத்துக்கும் உள்ள பங்கைவிட, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்கு உள்ள பங்கே பெரிது. பணம் கட்டிவிட்டு எதிரே நிற்கிற தகப்பனாருக்கு, ‘இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், ஆறு மணி நேரம் இங்கேயே இருங்கள்’ என்று ட்யூட்டி டாக்டர் சொல்வது அலட்சியமாகப் படுகிறது. உண்மையில் அந்த ஆறு மணி நேரமே சிகிச்சை.

முதலில், வீட்டு வாசலில் நடப்பதைப் பார்ப்போம். குழந்தை விழுந்த சத்தம் கேட்டு ஓடி வருகிற பாட்டி, முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாயால் ஊதிச் சூடேற்றிப் புடைப்பின்மேல் ஒற்றுகிறாள். இதனால் கெடுதல் ஒன்றுமில்லை, குழந்தைக்கு ஆறுதலும் உண்டு. பக்கத்து வீட்டார் காப்பித் தூளைக் கொண்டுவந்து காயத்தில் அப்புகிறார்கள். இது கெடுதல், ஏனெனில் தையல் போடுவதற்கு முன் அதைக் கழுவி எடுப்பதற்குள் நர்ஸின் பொறுமையும் குழந்தையின் பொறுமையும் தீர்ந்துவிடுகின்றன. ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடிப்பதே போதும். எலும்பு உள்ளே அமிழ்ந்ததுபோல் தோன்றினால் மட்டும் அழுத்தாமல் மேலே வைத்துக் கட்ட வேண்டும். மயங்கிக் கிடக்கிற குழந்தையின் வாயில் தண்ணீர் ஊற்றுவதும், எழுப்புவதற்காகப் பிடித்துக் குலுக்குவதும், வலிப்புக்குச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதும் செய்யத் தகாதவை. முதல் இரண்டும் உயிருக்கே அபாயம், மூன்றாவது வீண். பிறகு, எல்லோரும் ஏகமனதாகச் சொல்கிற ‘தூங்க விடாதே’ என்ற கட்டளை இருக்கிறதே, அதில் பாதி உண்மை உண்டு. தூக்கம் காயத்தை அதிகப்படுத்துவதில்லை. அழுது களைத்த குழந்தை தூங்கத்தான் செய்யும். தூங்கும் குழந்தையைத் தொட்டு எழுப்பினால் வழக்கம்போல் சிணுங்கிக்கொண்டு எழுகிறதா, அல்லது எழுப்ப எழுப்ப ஆழ்ந்துகொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி. பின்னதானால் ஒரு க்ஷணமும் தாமதிக்கலாகாது. வாந்தி மீண்டும் மீண்டும் வருவது, தலைவலி ஏறிக்கொண்டே போவது, வலிப்பு, ஒரு பக்கத்துக் கைகால் சோர்வது, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் கசிவது, கைக்குழந்தையானால் பால் குடிக்க மறுப்பதும் உச்சிக்குழி புடைத்து நிற்பதும் ஆகிய இவையெல்லாம் அதே வகை எச்சரிக்கைகள்.

எங்கே கொண்டுபோவது? லிங்கராஜபுரத்துக்காரர்களுக்கு இதற்கு இரண்டு மூன்று பதில்கள் உண்டு. முதலில் தெருக்கோடி நர்ஸிங் ஹோம். அடுத்து, காக்ஸ் டவுனையும் பிரேசர் டவுனையும் தாண்டிச் சிவாஜி நகரில், 1860-களில் கமிஷனராக இருந்த பௌரிங் துரையின் பெயரால் நிற்கிற சர்க்கார் ஆஸ்பத்திரி. ‘தலையில் அடி’ என்று யாராவது உரக்கச் சொல்லிவிட்டால், நகரத்தை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து, சுமார் பத்து கிலோமீட்டர் தொலைவில் ஹோசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ். பெங்களூரில் மட்டுமல்ல, ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வரைக்கும் ‘நிம்ஹான்ஸுக்குக் கொண்டுபோ’ என்பது ஏறக்குறைய ஒரு வழக்குமொழியாகிவிட்டது.

இந்த வழக்குமொழிக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. தமிழர்கள் அதில் சற்றே பெருமை கொள்ளவும் இடமுண்டு. சுதந்திரம் வந்தபோது இந்தியாவில் மூளையில் ரண சிகிச்சை செய்வதற்கென்று ஒரு தனித்துறை இல்லை. மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் முதல் துறையைத் தொடங்கினார். மறு வருஷமே டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் இரண்டாவதைத் தொடங்கினார். மூளையைத் திறப்பதா என்று மக்கள் நடுங்கிய காலத்தில் இவ்விருவரும் தம் கையால் பயிற்றிய சீடர்கள் தேசமெங்கும் பரவினார்கள். பெங்களூரில், பழைய மனநோய் மருத்துவமனையின் வளாகத்தில் இயங்கி வந்த அகில இந்திய மனநல நிலையத்தில் 1958-ஆம் ஆண்டில் நரம்பு ரண சிகிச்சைத் துறையை நிறுவியவர் டாக்டர் ஆர். மார்த்தாண்ட வர்மா. ஆஸ்பத்திரியும் நிலையமும் 1974 டிசம்பரில் ஒன்றாக இணைந்து நிம்ஹான்ஸ் என்ற பெயரைப் பெற்றபோது அதன் முதல் இயக்குநரும் அவரே. மனநோய்க்கென்று எழுந்த ஓரிடம் தென்னிந்தியாவின் தலைக்காயப் புகலிடங்களில் முதன்மையானதாக மாறியது யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. உடைந்த தலைகள் வந்துகொண்டே இருந்தன, வாசலை மூட அங்கிருந்த வைத்தியர்களுக்கு மனம் வரவில்லை.

அதே 1974-ஆம் ஆண்டில்தான் கிளாஸ்கோ நகரத்தில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரண்டு வைத்தியர்கள், மயங்கிய நோயாளியின் பிரக்ஞையை அளப்பதற்கு ஒரு கணக்கை ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியிட்டார்கள். அதற்கு யந்திரம் வேண்டாம். கண்ணும் காதும் போதும். நோயாளி கண் திறப்பதற்கு 4, பேசுவதற்கு 5, சொன்னபடி கைகால் அசைப்பதற்கு 6 என்று உச்ச மதிப்பெண்கள் வைத்துக் கூட்டினால், பூரண விழிப்புக்கு 15. ஒன்றுமே இல்லாத நிலைக்கும் 3. 8-க்குக் கீழே இறங்கினாலும், 8-இலேயே நின்றாலும், சுவாசக் குழாய் செலுத்திச் செயற்கைச் சுவாசம் கொடுக்க வேண்டிய கட்டம். பேச்சு வராத சிசுவுக்கு இதையே மாற்றி அமைத்திருக்கிறார்கள்: மழலையாய்க் குரல் கொடுத்தால் 5, எரிச்சலோடு சிணுங்கினால் 4, வலிக்கு மட்டும் அழுதால் 3, வலிக்கு முனகினால் 2. வார்டில் ஒரு நர்ஸ் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, முதலில் அரை மணிக்கு ஒரு தரமும், நிலைமை சீராக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு மணிக்கு ஒரு தரமும், அதற்கும் நான்கு மணி நேரத்துக்கு அப்பால் இரண்டு மணிக்கு ஒரு தரமும் குழந்தையின் கட்டிலருகே வந்து, கண்மணிகளில் வெளிச்சத்தைக் காட்டி, பெயரைச் சொல்லி அழைத்து, விரலைப் பிடிக்கச் சொல்லி, ஒரு தாளில் எண்ணைக் குறித்துவிட்டுப் போகிறாளே, அந்தத் தாளைப் போல மதிப்புள்ள பொருள் அந்த அறையில் வேறில்லை. 15 என்பது ஒரு செய்தியன்று. 15 என்பது 14 ஆயிற்று, 14 என்பது 13 ஆயிற்று என்பதே செய்தி.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. பேச்சுக்கு 5 மதிப்பெண் என்றால், எந்தப் பாஷையில் பேச்சு? வீட்டில் தமிழும், பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் கன்னடமும் பேசும் லிங்கராஜபுரத்துப் பிள்ளை, நள்ளிரவில், தலையில் கட்டோடு, முன்பின் அறியாத ஒரு மலையாளி நர்ஸ் கன்னடத்தில் ‘நின்ன ஹெசரேனு?’ என்று கேட்கும்போது, பயத்தில் வாய் மூடிக்கொண்டால், அது மூளையின் குறையா, அச்சத்தின் குறையா? நல்ல நர்ஸ் இதை அறிவாள். தாயைப் பக்கத்தில் அழைத்து, ‘நீங்கள் கேளுங்கள்’ என்பாள். குழந்தை தாய்க்கு விடை சொல்லிவிடும். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று தாயை வெளியே அனுப்பிவிடுகிற வார்டுகள், தம்மிடமுள்ள மிகக் கூர்மையான கருவியை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைக்கின்றன என்பது நம் அபிப்பிராயம். ‘குழந்தை வழக்கம்போல் இல்லை’ என்று பெற்றவள் சொல்வதை, வைத்திய சாஸ்திரமே இன்று ஓர் அறிகுறியாக ஏற்று எழுதி வைத்திருக்கிறது.

எப்படி ஏற்றது என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஸ்கேன் எடுத்துவிடுங்கள் டாக்டர், செலவைப் பற்றிக் கவலையில்லை’ என்று மன்றாடாத பெற்றோர் இல்லை. அவர்களுடைய மனம் நமக்குப் புரிகிறது. 2009-ஆம் ஆண்டில் நாதன் குப்பர்மன் என்ற அமெரிக்க வைத்தியரும் சகாக்களும், வட அமெரிக்காவின் 25 அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்குத் தலையில் அடிபட்டு, ஆனால் ஏறக்குறைய முழு விழிப்போடு வந்த 42,412 குழந்தைகளின் கதையைத் தொகுத்து வெளியிட்டார்கள். அவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் ஸ்கேன் எடுக்கப்பட்டிருந்தது. கருதத்தக்க மூளைக்காயம் இருந்ததோ 376 பேருக்கு. மூளையில் ரண சிகிச்சை தேவைப்பட்டது 60 பேருக்கு. அந்த முன்னூற்றுச் சொச்சம் பேரை ஸ்கேன் இல்லாமலே முன்கூட்டி அடையாளம் காண முடியுமா என்று தேடியபோது கிடைத்த குறிகள் மிக எளியவை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, விழிப்பில் மாறுதல், கைக்குத் தட்டுப்படும் எலும்பு முறிவு, நெற்றியைத் தவிர மற்ற இடத்தில் புடைப்பு, ஐந்து விநாடிக்குக் குறையாத மயக்கம், மூன்றடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்ததைப் போன்ற பலத்த அடி, பெற்றோர் கண்ணுக்குக் குழந்தை வழக்கம்போல் இல்லாமை ஆகிய இவற்றில் ஒன்றும் இல்லையென்றால், கருதத்தக்க காயம் இருக்கும் வாய்ப்பு ஐயாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. நெற்றிப் புடைப்பு பார்க்க எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் சாதுவானது. காதுக்கு மேலே, பக்கவாட்டில், களிமண்ணைத் தொட்டாற்போல் மெத்தென்றிருக்கிற வீக்கமே கள்ளத்தனமானது.

வாய்ப்பு அவ்வளவு குறைவானால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவதில் என்ன நஷ்டம் என்பவருக்கு, 2012-இல் பிரிட்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வு விடை சொல்கிறது: பத்து வயதுக்குள் தலை ஸ்கேன் எடுத்த பதினாயிரம் குழந்தைகளில், அடுத்த பத்தாண்டுகளுக்குள் ரத்தப் புற்றுநோய் ஒன்றும் மூளைக் கட்டி ஒன்றும் கூடுதலாகத் தோன்றும் என்பது அதன் மதிப்பீடு. ஸ்கேன் வேண்டிய குழந்தைக்கு இந்த அபாயம் ஒரு பொருட்டன்று. தயங்காமல் எடுக்க வேண்டும். வேண்டாத குழந்தைக்கு, பெற்றோரின் மனச்சாந்திக்காகவும், அப்பட்டமாகச் சொன்னால் யந்திரம் வாங்கிய கடனுக்காகவும் எடுப்பதுதான் தவறு.

அப்படியானால் அந்த ஆறு மணி நேரம் எதற்காக? முக்கியமாக ஒரு வஞ்சகமான நிலைமைக்காக. காதுக்கு முன்னும் மேலுமாக உள்ள மெல்லிய எலும்பின் உட்புறத்தை ஒட்டி, மூளையின் மேலுறைக்கு ரத்தம் கொண்டு செல்லும் நாடி ஒன்று ஓடுகிறது. அங்கே அடிபட்டு எலும்பு விரிந்தால் அந்த நாடி கிழியலாம். குழந்தை முதலில் ஒரு நிமிஷம் மயங்கிக் கிடந்துவிட்டு எழுந்து உட்கார்ந்துகொள்கிறது; பேசுகிறது, பிஸ்கட் கேட்கிறது; தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வீட்டார் குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைக்கிறார்கள். அதே நேரத்தில் எலும்புக்கும் உறைக்கும் நடுவில் ரத்தம் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. கபாலமோ மூடி இறுகிய குடம். அதற்குள் மூளையும் ரத்தமும் மூளைநீரும் அளவாக அடைத்துக்கொண்டிருக்கையில் நான்காவது ஒன்று புகுந்தால், முதலில் நீரும் பிறகு ரத்தமும் விலகி இடங்கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மூளையே நசுங்குகிறது. சில மணி நேரங்களில் தலைவலி, வாந்தி, அரைத் தூக்கம், ஒரு கண்மணி விரிந்து நின்றுவிடுதல் என்று படிப்படியாக இறங்கி, கவனிப்பாரில்லாவிட்டால் உயிர் போய்விடும். கவனிப்பார் இருந்தால், நரம்பு ரண சிகிச்சையில் இதைவிட நிச்சயமான வெற்றி குறைவு: எலும்பைத் திறந்து, கட்டியை வழித்தெடுத்து, நாடியைக் கட்டிவிட்டால், பத்து நாளில் குழந்தை ஓடியாடிக்கொண்டு வீடு திரும்பக்கூடும். மரணத்துக்கும் பூரண குணத்துக்கும் நடுவே நிற்பது, 15 என்பது 14 ஆனதை உடனே கண்டுகொண்ட ஒரு நர்ஸும், நிலைமை தெரிந்தவுடன் கிடைத்த ஓர் ஆபரேஷன் தியேட்டரும்தான்.

கைக்குழந்தைகளின் விஷயம் இன்னும் சற்று நுட்பமானது. கபாலத்தின் பொருத்துவாய்கள் இன்னும் இறுகாமையால், உள்ளே அழுத்தம் ஏறினாலும் சிறிது நேரம் விரிந்து கொடுத்து, அபாயத்தை மறைத்துவிடுகின்றன. வளர்ந்தவர்களுக்குத் தலைத்தோலின் அடியில் ரத்தம் கட்டுவது பெரிய விஷயமன்று. ஐந்து கிலோ எடையுள்ள சிசுவின் உடலில் ஓடும் ரத்தம் மொத்தமே நானூறு மில்லிதான் என்பதால், ஒரு புடைப்புக்குள் நூறு மில்லி தேங்கிவிட்டால் அது நாலில் ஒரு பங்கு. குழந்தை வெளுத்து, கைகால் குளிர்ந்து, நாடி துடித்துக் கிடப்பதைக் கண்டு எல்லோரும் மூளையையே பார்த்துக்கொண்டிருக்க, உண்மையில் தேவைப்படுவது ரத்தமாக இருக்கும். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எலும்பு முறிவு ஆறியதாகத் தோன்றிய சில வாரங்களுக்குப் பிறகு, அந்த இடம் மெல்லப் பிளந்துகொண்டே போய், கைக்குத் துடிப்போடு தட்டுப்படும் வீக்கமாக வளர்வதும் உண்டு. ‘மறுபடி வாருங்கள்’ என்று சீட்டில் எழுதிக் கொடுப்பது இதற்காகவே. இன்னொன்றையும் மனங்கசந்து சொல்ல வேண்டியிருக்கிறது: சொல்லப்படும் கதைக்கும் காயத்துக்கும் பொருத்தமில்லாதபோது, அந்தக் காயம் விழுந்ததால் வந்ததல்ல, யாரோ குலுக்கியதாலோ அடித்ததாலோ வந்தது என்று சந்தேகிப்பதும் வைத்தியரின் கடமை. போலீஸுக்குத் தகவல் எழுதுவதைக் கண்டு நல்ல பெற்றோர் மனம் புண்பட வேண்டியதில்லை.

பலத்த காயமடைந்து ஐ.சி.யூ.வில் கிடக்கும் குழந்தைக்கு நடக்கும் சிகிச்சையை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, குழாய்களும் திரைகளும் மணியோசைகளும் ஏதோ மாயவித்தை போலத் தோன்றும். உள்ளே நடப்பதை எளிமையாகச் சொல்லலாம். அடிபட்ட கணத்தில் செத்துப்போன அணுக்களை யாரும் மீட்பதில்லை. அடிபடாத மிச்சத்தைக் காப்பதே முயற்சி. அதற்குப் பிராணவாயு குறையலாகாது, ரத்த அழுத்தம் இறங்கலாகாது, காய்ச்சலும் வலிப்பும் வரலாகாது, உப்பின் அளவு கெடலாகாது. தலைமாட்டை முப்பது பாகை உயர்த்தி, கழுத்தை நேரே வைத்து, தேவையானால் மானிட்டால் என்ற மருந்தோ அடர்ந்த உப்புநீரோ செலுத்தி வீக்கத்தைத் தணிக்கிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் கபாலத்தில் ஒரு பகுதியை எடுத்து வைத்து மூளைக்கு இடம் விடுகிறார்கள்.

வீரதீரமான மருந்துகள் பல முயன்று பார்க்கப்பட்டன. அவற்றின் கதி படிப்பினை நிறைந்தது. வீக்கத்தைக் குறைக்கும் என்று பல ஆண்டுகள் உலகமெங்கும் ஏற்றப்பட்ட ஸ்டீராய்டு மருந்தை, 2004-ஆம் ஆண்டில், தலையில் அடிபட்ட வயதுவந்த பதினாயிரம் நோயாளிகளிடம் முறைப்படி சோதித்தபோது, மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 21 பேரும் பெறாதவர்களில் நூற்றுக்கு 18 பேரும் இரண்டு வாரத்துக்குள் இறந்திருந்தார்கள். நல்லெண்ணத்தோடு கொடுத்தது உயிரைக் குடித்திருக்கிறது. உடலைக் குளிரூட்டினால் மூளை பிழைக்கும் என்ற நம்பிக்கையை 225 குழந்தைகளிடம் சோதித்து 2008-இல் வெளிவந்த ஆய்விலும், குளிரூட்டியதால் நன்மை காணவில்லை. இறந்தோர் தொகை அந்தப் பக்கத்திலேயே சற்று மிகுந்திருந்தது. இத்தனைக்கும் பிறகு உறுதியாக நிற்பது பழைய விஷயங்களே: மூச்சு, ரத்தம், உஷ்ணம், விடாத கவனிப்பு.

கவனிப்பதற்கு முதலில் குழந்தை அங்கே போய்ச் சேர வேண்டும். 2008 முதல் கர்நாடகத்தில் ஓடுகிற 108 வண்டியும், விபத்தில் சிக்கியவரை எடுத்துச் செல்பவரைப் போலீஸ் தொந்தரவு செய்யலாகாது என்று 2016-இல் சுப்ரீம் கோர்ட் விதித்த விதியும், அதே வருஷம் இம்மாநில அரசு தொடங்கிய ஹரீஷ் சாந்த்வனத் திட்டத்தின்படி முதல் 48 மணி நேரத்துக்குக் கிடைக்கும் இலவச சிகிச்சையும் சாலையில் அடிபட்டவருக்கு உதவி செய்கின்றன. மாடியிலிருந்து விழுந்த குழந்தை இந்தக் கடைசிச் சலுகைக்கு வெளியே நிற்கிறது. பெரிய இடையூறு வேறொன்று. குழந்தைக்குத் தலை மட்டும் அடிபடுவதில்லை. மண்ணீரல் கிழிந்திருக்கலாம், தொடை எலும்பு முறிந்திருக்கலாம். நிம்ஹான்ஸ் தலைக்கும் தண்டுவடத்துக்கும் உரிய இடம். மற்றவற்றுக்கு வேறு வாசல் தேட வேண்டியிருக்கிறது. எல்லாக் காயங்களையும் ஒரே கூரையின்கீழ் பார்க்கும் ஒரு நிலையத்துக்காக, ஹென்னூருக்கு அப்பால் கியாலசனஹள்ளியில் ஏறத்தாழ நாற்பது ஏக்கர் நிலத்தை மாநில அரசு நிம்ஹான்ஸுக்கு அளித்திருக்கிறது. அது எழுந்து இயங்கத் தொடங்கினால், லிங்கராஜபுரத்து ஆட்டோக்காரர் நகரத்தின் குறுக்கே ஊர்ந்து செல்ல வேண்டியதில்லை. இதைவிட அவசரமான கட்டடம் இந்நகரின் வடபகுதியில் வேறு என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியவில்லை.

டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதே அடுத்த பிழை. குழந்தையின் மூளை இளகியது, ஆகவே எளிதில் சீர்ப்பட்டுவிடும் என்று, 1930-களில் மார்கரெட் கென்னார்ட் என்ற அம்மையார் குரங்குகளிடம் நடத்திய சோதனைகளைக் காட்டி, நெடுங்காலம் நம்பி வந்தார்கள். அந்த நம்பிக்கை குழந்தைகளின் தலைக்காயத்துக்குப் பொருந்தவில்லை. மூளை முழுதும் பரவிய பலத்த காயமானால், வயது குறையக் குறையப் பின்விளைவு கூடுகிறது. மூன்று வயதில் பட்ட அடியின் குறை, எட்டு வயதில் கணக்குப் போட உட்காரும்போதுதான் வெளியே தெரிகிறது. நடை திரும்பிவிடும், பேச்சு திரும்பிவிடும். நினைவும் நிதானமும் பொறுமையும் திரும்பாமலிருக்கலாம். முன்பு சமர்த்தாயிருந்த பையன் பாடத்தை மறக்கிறான், சட்டென்று கோபிக்கிறான், மதியத்துக்குள் களைத்துவிடுகிறான். தலையிலுள்ள தழும்பு முடியால் மூடப்பட்டுவிட்டதால் வாத்தியாருக்கு ஒன்றும் தெரிவதில்லை. சோம்பேறி என்று பெயர் வைக்கிறார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் தலைக்காயம் தனிப் பெயரோடு இல்லை. நரம்பு நோய் என்றோ கற்றல் குறைபாடு என்றோ வேறு வாசல் வழியாக நுழைந்துதான் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் லிங்கராஜபுரத்துக்கு ஒரு பாக்கியம் உண்டு. தாமே உடல் ஊனத்தோடு வாழ்ந்த என்.எஸ். ஹேமா என்ற அம்மையார் 1959-ஆம் ஆண்டில் தொடங்கிய மாற்றுத்திறனாளர் சங்கம், ஏ.பி.டி. என்று ஊரார் சொல்வது, இந்தப் பேட்டையில் ஹட்சின்ஸ் சாலையை ஒட்டியே இருக்கிறது. ஊனமுற்ற குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் பள்ளியையும், உடற்பயிற்சி சிகிச்சையையும், தொழிற்பயிற்சியையும் அது பல்லாண்டுகளாக நடத்தி வருகிறது. தலைக்காயப்பட்ட குழந்தையின் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இப்படி ஓரிடம் இருப்பது சென்னையிலும் மதுரையிலும் எத்தனை பேட்டைகளுக்கு வாய்த்திருக்கிறது? ஆயினும் ஆஸ்பத்திரி கொடுக்கும் சீட்டில் மாத்திரையின் பெயர்களும், தையல் பிரிக்கும் தேதியும், அடுத்த ஓ.பி. நாளும் இருக்குமே தவிர, தெருக்கோடியிலுள்ள இத்தகைய இடத்துக்குப் போகும்படி ஒரு வரியைக் காண்பது அரிது.

அந்தச் சீட்டோடு இன்னொரு தாளும் சேர வேண்டும். அது பள்ளிக்கூடத்துக்கு எழுதும் கடிதம். முதல் இரண்டு நாள் ஓய்வு, பிறகு அரைநாள் பள்ளி, சில வாரத்துக்கு ஓட்டப்பந்தயமும் கால்பந்தும் இல்லை, பரீட்சையில் கூடுதல் நேரம், தலைவலி என்று சொன்னால் நடிப்பு என்று எண்ணாமை, மறதி கண்டால் பெற்றோருக்குச் சொல்லியனுப்புதல் என்று அந்தந்தக் குழந்தையின் காயத்துக்கு ஏற்றாற்போல் பத்து வரி. அதை எழுத ஒரு வைத்தியருக்கு ஐந்து நிமிஷம் ஆகும். தமிழிலோ கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எதில் எழுதினாலும், லிங்கராஜபுரத்துப் பள்ளிகளில் அதைப் படித்துச் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை.